உப்புத்தண்ணி வரிசை

மீன்கள் ஓயாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கின்றன என்று படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒருசேர நம்பிவருகிறார்கள். இந்த நம்பிக்கையை இதற்கு மேலும் வளரவிடுவது நாட்டுக்கு நல்லதல்ல என்பதால் இங்கேயே திருத்திவிட வேண்டியிருக்கிறது. கடல்மீன் குடிக்கும், குளத்து மீன் குடிக்காது. குளத்து மீனின் உடம்பிலுள்ள உப்பு வெளியிலிருக்கும் தண்ணீரில் உள்ளதைவிட அதிகம் என்பதால், தண்ணீர் யாரும் அழைக்காமலே செவுள் வழியாக உள்ளே வந்துகொண்டிருக்கிறது. வந்ததை வெளியே அனுப்புவதே அதற்கு ஆயுள்கால வேலை. வாயைத் திறந்து மூடுவதெல்லாம் மூச்சுக்காக. ஆகவே, தவலைக்குறிச்சி பட்டறைத் தெருவில், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், பட்டறைக்குளத்து மீன்கள் கரையேறி, சந்து வழியாக நடந்து வந்து, ஆளுக்கொரு பாத்திரத்தோடு தண்ணீர் வரிசையில் நின்றபோது, பாவம், தாகத்துக்கு வந்திருக்கின்றன என்று தெரு எடுத்த முடிவு தொடக்கத்திலேயே தவறானது.

மீன் நடந்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பனையேறிக் கெண்டை என்று பெயரே வைத்திருக்கிறோம். விரால் ஈர வயலைக் கடந்து அடுத்த குளத்துக்குக் குடிபோவதை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள். கெளுத்தியும் சேல்கெண்டையும் அயிரையும்கூட அன்று வால் ஊன்றி நிமிர்ந்து வந்தன என்பது கொஞ்சம் கூடுதல்தான் என்றாலும், செம்பு அடிக்கும் ஓசையிலேயே பிறந்து வளர்ந்த அந்தத் தெருவில் காலை வேளையில் யாருக்கும் அதிசயப்பட நேரமிருக்கவில்லை. தெரு கவனித்தது வேறொன்றை. தெருவில் இரண்டு இடங்களில் தண்ணீர் வரும். வடகோடியில் குழாய், தென்கோடியில் அடிபம்பு. குழாயில் வருவது நல்லதண்ணி. அடிபம்பில் வருவது உப்புத்தண்ணி. மீன்கள் வந்து நின்றது அடிபம்பில்.

“வடிவு மயினி, மீனு வந்து நிக்கி” என்று செய்தி கொண்டுவந்தவள் பேச்சித்தாய். எதையும் குற்றம் சொல்லும் தொனியில்தான் அவளுக்குப் பேச வரும். நல்ல செய்தியும் அவள் வாயிலிருந்து வந்தால் புகார் மாதிரியே இருக்கும்.

“எங்க நிக்கி?”

“அடிபம்புல.”

“அங்க எதுக்கு நிக்கி?” என்று சங்கரவடிவு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். “ஊருக்குப் புதுசுல்லா, தெரியாம நிக்கும். நல்லதண்ணி இங்கன்னு யாராவது சொல்லப்பிடாதா? வாய வச்சிக்கிட்டு என்னட்டி செய்யுதிய எல்லாரும்?”

சங்கரவடிவு அந்த வரிசையை நடத்திவந்தாள். அதற்கென்று பதவியோ தேர்தலோ கிடையாது. செம்புக் குடங்களைப் புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது அவள் பிழைப்பு. அதனால் அவள் விரல்நுனிகள் எப்போதும் சிவந்திருக்கும். அந்தச் சிவந்த விரலை அவள் நீட்டினால் யாராக இருந்தாலும் பின்னால் போய் நிற்பார்கள். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த புதிதில், ஒரு கோடையில், லாரித் தண்ணீருக்காக நடந்த சண்டையில் தன் மாமியாரின் மண்டை குடத்தால் உடைபட்டதைப் பார்த்தவள், அன்றைக்குத் தெருவுக்குச் சட்டங்கள் போட்டாள். ஆள் நிற்க வேண்டாம், குடம் நின்றால் போதும். ஓட்டைக் குடத்துக்கு இடம் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வரிசையில் நின்ற ஒருவர் வெறுங்குடத்தோடு இருக்கும்வரை தண்ணீரை நிறுத்தக் கூடாது. இந்தக் கடைசிச் சட்டத்துக்காக அவள் லாரியின் சக்கரத்துக்கு முன்னால் படுத்திருக்கிறாள். பிறகு, தாமிரத்தைப் பெயரில் வைத்திருக்கும் தாமிரபரணியிலிருந்து குழாய் வேண்டுமென்று பேரூராட்சி வாசலில் பெண்களைத் திரட்டி வெறுங்குடங்களைத் தட்டித் தட்டி, உள்ளே யாரும் தொலைபேசியில் பேச முடியாதபடி செய்து, வருஷக்கணக்கில் அலைந்து, கடைசியில் நல்லதண்ணியைத் தெருவுக்குக் கொண்டுவந்தே விட்டாள். குழாய்க்கு மஞ்சள் பூசிக் கும்பிட்ட அன்றே, அந்தச் சனியன் பிடித்த அடிபம்பைப் பிடுங்கிப்போட வேண்டுமென்று இன்னொரு மனுவும் கொடுத்தாள். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், தலைமுடி கொட்டும். அந்தத் தண்ணீரோடு எத்தனை வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறாள்! மனு ஏற்கப்பட்டிருந்தது. ஆட்கள் எந்த வாரமும் வரலாம் என்றிருந்த நேரத்தில்தான் மீன்கள் வந்தன.

அவள் தென்கோடிக்குப் போனபோது மீன்கள் ஒழுங்காக, ஒன்றை ஒன்று இடிக்காமல், நின்றிருந்தன. ஒழுங்கைக் கண்டால் அவளுக்கு எப்போதும் மனசு இளகிவிடும். குளத்தில் தலைமுறை தலைமுறையாகப் பாத்திரம் கழுவியவர்கள் கைநழுவவிட்டதெல்லாம் அவற்றிடம் இருந்தன: உழக்கு, கரண்டி, காதறுந்த சொம்பு, குங்குமச் செப்பு, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை. முன்னால் நின்றது ஒரு கிழட்டு விரால். தலையில் நரைபோல வெளுப்பு. துடுப்புக்குள் ஒரு சின்னச் செம்புக் குடம், பொங்கல்சீருக்குச் சிறுபிள்ளைகளுக்கு வாங்கித் தருவார்களே, அந்த அளவு.

“மயினி, அந்தக் கெளுத்தி வச்சிருக்கது எங்க வீட்டுப் பாலாடை!” என்றாள் பேச்சித்தாய். “எங்க மூத்தவனுக்குப் பால் குடுத்தது. அவனுக்கு இப்ப மீசை வந்தாச்சி. வாங்கிக் குடுங்க.”

“வரிசை முடியுதவரைக்கும் பாத்திரம் யாரு கையில இருக்கோ அவுகளுக்குத்தான்.”

“கையா? அதுக்குக் கை எங்க இருக்கு?”

“துடுப்பு இருக்குல்லா. நீ பேசாம நில்லு.”

பிறகு சங்கரவடிவு, பந்திக்கு வந்தவர்களை இலைக்கு அழைப்பதுபோல இரண்டு கையாலும் வழிகாட்டி, “இங்கன நிக்கப்பிடாது, இது உப்புத்தண்ணி, வாயில வைக்க விளங்காது, அங்க வாங்க” என்று மீன்களைக் குழாய்க்கு அழைத்துப் போனாள். விரால் வாயைத் திறந்தது, மூடியது. அது ஏதோ சொன்னது என்று பிற்பாடு தெருவில் பலர் சாதித்தார்கள். மீனுக்குக் குரல்வளை இல்லை என்பதால் அதை நாம் ஏற்க முடியாது. ஆனால் அது திரும்பி அடிபம்பை ஒருதடவை பார்த்ததைச் சங்கரவடிவு கவனித்தாள். கவனித்து, புது இடம் கூச்சமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

சில நாட்களிலேயே தெரு பழகிவிட்டது. மீன்கள் காலையில் வரும், பாத்திரத்தில் பிடித்துக்கொண்டு போய்க் குளக்கரையில் நின்று ஒன்றின் செவுளில் ஒன்று ஊற்றிக்கொள்ளும். அவற்றை ‘அது’ என்பதா ‘அவுக’ என்பதா என்ற கேள்வி டீக்கடையில் கொஞ்சநாள் ஓடி, விரால்வரைக்கும் ‘அவுக’, அயிரைக்கு ‘அது’ என்று முடிவானது, அயிரைகள் ஆட்சேபிக்கவில்லை. கவுன்சிலர் உச்சிமாகாளி வந்து பார்த்து, குளம் தன் வார்டில்தான் இருக்கிறது என்பதை உறுதிசெய்துகொண்டு, மீன்களைப் பொதுவாகக் கும்பிட்டுவிட்டுப் போனார். குளத்தில் வலைபோடும் வேலாண்டிக்குத்தான் சங்கடம். “நேத்து எம் பொஞ்சாதிக்குப் பின்னால கொடத்தோட நின்னவுகள இன்னைக்கு எப்படி வே பிடிக்கது?” என்று சொல்லி, வலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, இன்னும் வரிசையில் நிற்கத் தெரிந்துகொள்ளாத மீன்கள் இருக்கும் பக்கத்து ஊர்க் குளத்துக்குப் போய்விட்டார். தெருவில் மீன்குழம்பு வைப்பவர்கள் சன்னலைச் சாத்திக்கொண்டு வைத்தார்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் மாறவில்லை. தினமும் மீன்கள் முதலில் அடிபம்புக்குத்தான் போயின. தினமும் யாராவது ஒரு பெண் போய், “இங்க இல்ல, அங்க” என்று பதமாகத் திருப்பிவிட்டாள். விருந்தாளிக்கு உப்புத்தண்ணி கொடுத்த தெரு என்று பேர் வாங்க அங்கே யாருக்கும் விருப்பமில்லை.

மீன்கள் மெலிந்தன. செவுள்களில் சளிபோல ஏதோ படர்ந்தது. முதலில் நேராக நின்றவை பிறகு சுவரில் சாய்ந்து நின்றன. வரிசை நாளுக்கு நாள் குட்டையாகியது. காலையில் குளத்தில் வெள்ளை வயிறுகள் மிதந்தன. நல்லதண்ணி போதவில்லை என்று தெரு நினைத்தது. நினைத்துவிட்டால் பட்டறைத் தெரு சும்மா இருக்காது. அவரவர் வீட்டுப் பங்கிலிருந்து ஒரு குடம் குளத்தில் ஊற்றினார்கள். கவுன்சிலர், அதைவிட நல்லதண்ணி இருக்கிறதென்று, எந்திரத்தில் சுத்திகரித்து உப்பென்று சொல்ல ஒரு துளிகூட இல்லாமல் ஆக்கிய தண்ணீரை ஒரு லாரி நிறைய வரவழைத்து, லாரிக்கு மாலை போட்டு, குளத்தில் கொட்டச் செய்தார். அடுத்த நாள் காலையில் வரிசையில் வந்தவை கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கின.

அன்று விரால் தனியாக முன்னால் வந்தது. வழக்கம்போல அடிபம்புக்குப் போய் நின்றது. சங்கரவடிவு அதன் முதுகில் கைவைத்துத் திருப்பினாள். உள்ளங்கையில் அது நடுங்குவது தெரிந்தது. குழாயடிக்குக் கூட்டிவந்து, குனிந்து, அந்தச் சின்னக் குடத்தைத் தன் கையாலேயே நிறைத்துக் கொடுத்தாள். “இந்தாங்க, தெம்பா ஊத்திக்கிடுங்க” என்றாள். விரால் வாங்கியது, ஒரு எட்டு வைத்தது, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. குடம் உருண்டு, கொட்டி, தெருச் சரிவில் ஓடி, தென்கோடியில் அடிபம்பின் காலடியில் போய் முட்டி நின்றது.

என் வரிசையில் நின்றவர் வெறுங்குடத்தோடு போய்விட்டார் என்பதுதான் சங்கரவடிவுக்குத் தோன்றியது. வேறெதுவும் தோன்றவில்லை. அவள் போட்ட சட்டப்படி, அவர் குடம் நிறையாமல் தண்ணீரை நிறுத்த முடியாது. ஆகவே அன்று அவள் குழாயை மூடவில்லை. மூட வந்தவர்களின் கையைத் தட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பொழுது சாய்கிறவரை தாமிரபரணித் தண்ணீர் வழிந்து, மீன்கள் வந்த சந்தில் இறங்கி, குளத்தில் போய் விழுந்துகொண்டே இருந்தது. அந்த ஒரு பகலில் செத்தவை, அதற்கு முன் செத்த எல்லாவற்றையும்விட அதிகம்.

மீன்வளத் துறையிலிருந்து எப்சிபா என்ற இளம்பெண் வந்தது மறுநாள். தோளில் ஒரு பை, பையில் குப்பிகள், பேச்சில் பாடப்புத்தக வாடை. அவள் குளத்தில் இறங்கி, முகர்ந்து, குப்பியில் பிடித்து, சொட்டுமருந்து விட்டு நிறம் பார்த்தாள். செத்த கெண்டையின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு தென்கோடிக்கும் வடகோடிக்கும் நடந்தாள். தெரு அவள் பின்னாலேயே நடந்தது.

“இந்தக் குளத்துல தாமிரம் இருக்கு” என்றாள் கடைசியில்.

“அது எங்க தாத்தா காலத்துல இருந்தே இருக்கு” என்றார் ஒரு பட்டறைக்காரர், பரம்பரைச் சொத்தைப் பற்றிக் கேட்டதுபோல. “பாத்திரத்த அமிலத்துல முக்கிக் கழுவுதோம், அங்கதான் போவுது. மீனும் அன்னையில இருந்து இருக்கே. இப்ப மட்டும் என்ன?”

“அதாங்க நானும் யோசிக்கேன். அந்தத் தாமிரம் மீனக் கொல்றதுக்குப் போதும். ஆனா இத்தனை வருஷமா கொல்லல. தாமிரம் கூடல. தண்ணிதான் மாறியிருக்கு. இவ்வளவு மென்மையான தண்ணி இந்தக் குளத்துக்கு எப்படி வந்துச்சு?”

“மென்மைன்னா?”

“உப்பே இல்லாத தண்ணி. நீங்க நல்லதண்ணின்னு சொல்வீங்களே, அது.”

தெரு சட்டென்று கொந்தளித்தது. நல்லதண்ணியைக் குறை சொல்ல பஸ் பிடித்து வந்திருக்கிறாளா என்று பேச்சித்தாய் கேட்டாள். எப்சிபா பயந்துபோய், பையை இறுக்கிக்கொண்டு, கல்லூரியில் கற்ற வரிசைப்படியே விளக்க ஆரம்பித்தாள்: செவுளில் நுண்ணிய வாசல்கள் உண்டு, உடம்புக்கு வேண்டிய உப்புகள் அதன் வழியாகத்தான் போகும், கரைந்த தாமிரமும் அதே வாசலில் ஒட்டிக்கொண்டு உப்பு உள்ளே போவதைத் தடுத்துவிடும், மீன் தன் உப்பை இழந்து சாகும், தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து போதுமான அளவு இருந்தால் அது வாசலைப் பிடித்துக்கொள்ளும், கார்பனேட்டும் மக்கிய சருகுச்சாறும் தாமிரத்தைத் தம்மோடு கட்டிப்போடும், நீங்கள் போன வருஷம் மாணவர்களை விட்டுக் குளத்தைச் சுத்தம் செய்ததில் சருகும் போய்விட்டது, ஆகவே… இந்த இடத்தில் பாதிப்பேர் கொட்டாவி விட்டார்கள்.

சங்கரவடிவு மட்டும் விடவில்லை. அவள் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மாற்றம் வந்துகொண்டிருந்தது.

“இரி தாயி. வாசல்னு சொன்னியே. அந்த வாசல்ல சுண்ணாம்பு வந்து மொதல்ல நின்னுக்கிடுமா?”

“ஆமாங்க.”

“பொறவு செம்பு வந்தா?”

“இடம் இருக்காது. பெரும்பாலும் ஒட்டாமப் போயிரும்.”

“அப்ப சுண்ணாம்பு கொடத்தப் போட்டு எடம் பிடிச்சி வச்சிருக்கு” என்றாள் சங்கரவடிவு மெல்ல. “செம்பு வருது, வரிசையப் பாக்குது, நிக்க எடமில்ல, போயிருது. நல்லதண்ணியில வரிசையே இல்ல. தொறந்த வீடு. செம்பு நேரா வந்து வாசல்ல உக்காந்துக்கிடுது.”

எப்சிபா வாயைத் திறந்தாள், மூடினாள். “எங்க பாடத்துல ரெண்டு அத்தியாயம்” என்றாள்.

“முந்தி குளத்துக்கு எந்தத் தண்ணி போச்சி?” என்று சங்கரவடிவு கேட்டது எப்சிபாவை அல்ல. யாரையும் அல்ல. அடிபம்பின் மேடையிலிருந்து கிளம்பும் வாய்க்கால் குளத்தில்தான் முடிகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். துணி துவைத்ததும் குளித்ததும் மாடு கழுவியதும் எல்லாம் பாத்திரத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியவைக்கும் அந்தத் தண்ணீரில்; எல்லாம் அந்த வாய்க்காலில். குழாய் வந்த பிறகு அடிபம்பை யாரும் தொடவில்லை. வாய்க்கால் காய்ந்து, அதில் இப்போது தும்பைச்செடி முளைத்திருந்தது. மீன்கள் வந்தது தண்ணீர் கேட்டு அல்ல. நிறுத்தப்பட்ட பங்கைக் கேட்டு. தினமும் சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறார்கள். தினமும் அவள்தான் கையைப் பிடித்துத் திருப்பிவிட்டிருக்கிறாள்.

அவள் நேராக அடிபம்புக்குப் போனாள். கைப்பிடி துருவேறி, அடித்தால் வெறும் காற்றுதான் வந்தது. மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால்தான் பிடிக்கும். நல்லதண்ணியை ஊற்றி, உப்புத்தண்ணியை வரவழைத்தாள். முதலில் சிவப்பாக, பிறகு கலங்கலாக, பிறகு பழைய சகிக்கமுடியாத வாடையோடு தெளிவாக வந்தது. காலடியில் கிடந்த விராலின் சின்னக் குடத்தை எடுத்து நிறைத்து மேடையில் வைத்தாள். பிறகு நிறுத்தாமல் அடித்தாள்.

அடுத்த சில காலைகளில், எஞ்சியிருந்த மீன்கள் சுவரில் சாயாமல் வந்தன. எப்சிபா குப்பியில் நிறம் பார்த்துத் தலையாட்டினாள். அமிலத்தைக் குளத்தில் விடாமல் சுண்ணாம்புக் குழியில் விட வேண்டுமென்றும் சொன்னாள். பட்டறைக்காரர்கள் உடனே சம்மதித்தார்கள். சம்மதித்த வேகத்தில் குழி வெட்டவில்லை. மண்ணிலிருக்கும் செம்பு போக ஒரு தலைமுறை ஆகும், அதுவரைக்கும் இந்தத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறிய மறுநாள், பேரூராட்சி ஆட்கள் பம்பைக் கட்டித் தூக்கும் இரும்பு முக்காலியும் சங்கிலியுமாக அடிபம்பைப் பிடுங்க வந்து இறங்கினார்கள். முன்னால் கவுன்சிலர் உச்சிமாகாளி, வெள்ளைச் சட்டையில்.

சங்கரவடிவு கைப்பிடியை விடவில்லை.

“என்னக்கா, நீங்க கேட்டதுதான செய்ய வந்திருக்கோம்?”

“நான்தான் கேட்டேன். நானே வேண்டாம்ங்கேன். தூக்கிட்டுப் போங்க.”

கவுன்சிலர் அவளைத் தனியாக அழைத்துச் சொல்லப் பார்த்தார். அவள் கைப்பிடியை விட்டு வராததால் எல்லோருக்கும் கேட்கவே சொல்ல வேண்டியதாயிற்று. “அக்கா, வெவரம் தெரியாமப் பேசாதிய. வேற நீராதாரம் இல்லாத தெருன்னு சொல்லித்தான் ஒங்களுக்குக் குழாயே வாங்கினோம். குழாய் வந்தா அடிபம்பு ஓடாதுன்னு எழுதிக் குடுத்திருக்கு. இப்ப ஓடுதுன்னா மேல இருந்து வந்து குழாயக் கழத்திக் கீழத்தெருவுக்குக் குடுத்துருவான். கீழத்தெருக்காரி நாக்கத் தொங்கப்போட்டுக்கிட்டு இருக்கா. ஒண்ணு குழாய், இல்ல பம்பு. ரெண்டும் கெடையாது.”

எல்லோருடைய கண்ணும் வடகோடிக்குப் போனது. குழாயின் கழுத்தில் சங்கரவடிவு பூசிய மஞ்சள் இன்னும் முழுசாகப் போயிருக்கவில்லை.

“மயினி, விடுங்க” என்றது ஒரு குரல். “பாவம்தான், ஆனா மீனுல்லா” என்றது இன்னொன்று. “நாம குழம்பு வைக்கதுதானே” என்றது மூன்றாவது. யாரும் கெட்டவர்கள் இல்லை. பருப்பு வேகாத அடுப்பின் முன்னால் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தவர்கள், அவ்வளவுதான்.

சங்கரவடிவு அடிப்பதை நிறுத்தாமலே பேசினாள். ஆகவே அவள் பேச்சு விட்டுவிட்டு, கைப்பிடி இறங்கும்போது ஒன்றும் ஏறும்போது ஒன்றுமாக வந்தது. “இந்தக் குழாய நான் கொண்டாந்தேன். எனக்கில்லாத ஆசையா ஒங்களுக்கு? மீனுன்னா தின்னுங்க. எனக்கும் பிடிக்கும். ஆனா வரிசையில நின்னாச்சி. கொடத்தோட நின்னாச்சி. நின்னவுக வெறுங்கொடத்தோட போகப்பிடாதுன்னு நாம பேசி வச்சிருக்கோம். இன்னாருக்குன்னு வைக்கல. நின்னவுகளுக்குன்னு வச்சோம். இன்னைக்கு மீனுக்கு இல்லன்னா, நாளைக்கு இவளுக்கு இல்லன்னு ஆவும். பொறவு மறுபடியும் மண்டைதான் ஒடையும். ஒங்களுக்குக் குழாய் வேணும்னா என்னையும் சேத்துப் பிடுங்கிட்டுப் போச் சொல்லுங்க.”

சங்கிலி வைத்திருந்த ஆள் கவுன்சிலரைப் பார்த்தான். கவுன்சிலர் தெருவைப் பார்த்தார். தெரு தரையைப் பார்த்தது. தரையில் சந்திலிருந்து மீன்கள் வந்துகொண்டிருந்தன; முக்காலியையும் ஆட்களையும் கண்டு தயங்கி, பிறகு தங்கள் வழக்கப்படி ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. பாலாடை வைத்திருந்த கெளுத்தி கடைசியில் நின்றது.

பேச்சித்தாய் அந்தப் பாலாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாரிக்காரன் போதுமென்று வண்டியை எடுத்த ஒரு கோடையில், வரிசையின் கடைசி ஆளாக, காய்ச்சலில் கொதிக்கும் குழந்தையை இடுப்பிலும் காலிக் குடத்தைக் கையிலும் வைத்துக்கொண்டு நின்றவள் அவள். அன்றைக்குத்தான் சங்கரவடிவு சக்கரத்துக்கு முன்னால் படுத்தாள். அந்தத் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி, பேச்சித்தாய் இந்தப் பாலாடையில்தான் குழந்தைக்குப் புகட்டினாள். இதைப் பற்றி அவர்கள் இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. பேச்சித்தாய் அதற்குப் பிறகு இன்னும் கொஞ்சம் அதிகமாகக் குற்றம் சொல்லத் தொடங்கினாள், அவ்வளவுதான்.

அவள் விறுவிறுவென்று வந்து சங்கரவடிவின் தோளைப் பிடித்துத் தள்ளினாள்.

“தள்ளுங்க. ஒங்களுக்கு அடிக்கவும் தெரியல. பாதிக் கைப்பிடிதான் எறங்குது. ஒத்தையில செத்துப்போனா அந்தப் பழியும் எந்தலையிலதான் விழும். நவுளுங்கங்கேன்.”

“ஒனக்குக் குழாய் வேண்டாமாட்டி?”

“வேணும். யாரு வேண்டாம்னா? போவட்டும் சவம்” என்றாள் பேச்சித்தாய், முழுக் கைப்பிடியை இறக்கி.

அவளுக்குப் பின்னால் ஒருத்தி வந்து நின்றாள். பிறகு இன்னொருத்தி. அடிப்பதற்கும் வரிசை உண்டாயிற்று. பழக்கதோஷத்தில் யாரோ தன் முறைக்காக ஒரு குடத்தை வைத்துவிட்டுப் போனாள். பட்டறை ஆண்கள் சுத்தியலை வைத்துவிட்டு வந்து, வாய்க்காலில் முளைத்திருந்த தும்பையைப் பிடுங்கினார்கள். கூடவே, சுத்தம் செய்தபோது அள்ளிக் கொட்டிய சருகையும் கூடைகூடையாகக் குளத்தில் திரும்பப் போட்டார்கள். வெட்கம் தாங்காமல் ஒருவர் சுண்ணாம்புக் குழிக்கும் மண்வெட்டி எடுத்தார். உச்சிமாகாளி முக்காலியில் சாய்ந்து நின்று ஒரு டீ குடித்துவிட்டு, நடந்தது நடந்தபடி மேலே சொல்லப்போவதாகச் சொல்லி, சொல்லவும் செய்தார். அவர் பொய் சொல்பவர் அல்ல. அதுதான் அவரிடமிருந்த சிரமம்.

குழாயைக் கழற்ற வந்த நாளில் சங்கரவடிவு முன்னால் நின்று, மஞ்சள் பூசிய இடத்தைத் தண்ணீர் விட்டுத் துடைத்துக் கொடுத்தாள். ஆள் கழற்றி முடிக்கிறவரை முகத்தை வேறுபக்கம் திருப்பவில்லை. பிறகு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காலையில் முதல் ஆளாக அடிபம்பில் நின்றாள்.

குடிக்கிற தண்ணீருக்குப் பட்டறைத் தெருப் பெண்கள் கீழத்தெருவுக்குப் போக வேண்டியதாயிற்று. முதல்நாள் அவர்கள் அங்கே எங்கே நிற்பதென்று தெரியாமல், குடங்களோடு, ஒன்றும் சொல்லாமல் ஓர் ஓரமாக நின்றார்கள். வாயைத் திறந்து மூடினார்கள். கீழத்தெருக்காரிகள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி, “அங்க எதுக்கு நிக்கிய? இங்க வந்து நில்லுங்க” என்றாள். குடிக்க மட்டும் ஆளுக்கொரு குடம் கிடைத்தது. சமையலுக்கு அடிபம்புதான்.

தை பிறந்தபோது குளத்துத் தண்ணீர் லேசான டீ நிறத்துக்கு வந்திருந்தது. அதன்பின் மீன்கள் தெருவுக்கு வரவில்லை. ஒரு காலையில் அடிபம்பு மேடையில் பாத்திரங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன: உழக்கு, கரண்டி, காதறுந்த சொம்பு, குங்குமச் செப்பு. பாலாடையின் உட்புறம் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. பேச்சித்தாய் அதை எடுத்துக்கொண்டு போனாள். புளி போட்டுத் தேய்க்கவில்லை.

பட்டறைத் தெருவில் பருப்புக்கு இப்போது இரண்டு விசில் கூடுதலாக விடுகிறார்கள்.